மனதைப் படிக்கும் பரீட்சை

பிப்ரவரி நடுவில் தில்லியில் குளிர் விடைபெறத் தொடங்கும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலோ அப்போதுதான் நடுக்கம் ஆரம்பமாகும். டி.வி.க்கு ஓய்வு. விருந்தினருக்குத் தடை. சி.பி.எஸ்.இ. தேர்வு அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த அட்டவணையில் 037 என்ற எண்ணுடன் இருக்கும் பாடம் உளவியல். தமிழ்ப் பெற்றோர் வாயில் 'ஸைக்காலஜி'.

இந்தப் பாடத்தை எடுக்கப் போவதாகப் பிள்ளை சொன்னால் நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்பது ஒன்று. "கதை மாதிரிதானே, சுலபமாக மார்க் வாங்கிவிடலாம்" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. தில்லிப் பல்கலைக்கழகத்தின் லேடி ஸ்ரீராம் கல்லூரி 2020இல் உளவியல் ஹானர்ஸ் படிப்பில் சேர முதல் பட்டியலில் கேட்ட மதிப்பெண் 100 சதவிகிதம். 2022 முதல் சேர்க்கை பொது நுழைவுத் தேர்வின் மூலம் நடக்கிறது. உளவியல் அங்கேயும் ஒரு பாடம். ஆக, அடிபிடி நடக்கும் இடம் மாறியிருக்கிறது, அடிபிடி நிற்கவில்லை.

பாடம் எப்படிப்பட்டது? எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. புத்தகம் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டது. அறிவுத்திறன், ஆளுமை, வாழ்க்கைச் சவால்கள், மனக் கோளாறுகள், சிகிச்சை முறைகள், மனப்பான்மை, குழுச் செயல்பாடு என்று ஏழு பகுதிகள். பௌதிகப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தால் ஒல்லியாகத்தான் தெரியும்.

சிக்கல் அந்த ஒல்லியில்தான் இருக்கிறது. இதில் வரும் சொற்களெல்லாம் நாம் தினமும் புழங்குபவை. பயம், பதற்றம், கோபம், புத்தி, குணம். தெரிந்த சொல்தானே என்று மாணவர் அலட்சியமாக எழுதுகிறார், மதிப்பெண் போகிறது. மொழிபெயர்ப்பில் பிழைப்பவனுக்கு இது பழகிய தொல்லை. பேச்சில் பயமும் பதற்றமும் ஒன்றுதான். பாடத்தில் அப்படியில்லை. எதிரே நாய் வந்தால் வருவது பயம். அதற்குக் காரணம் கண்முன் நிற்கிறது. எதைக் கண்டு என்று சொல்ல முடியாமல் வயிற்றைப் பிசைவது பதற்றம். இந்த வேறுபாட்டை எழுதத் தெரிந்தவருக்குத்தான் முழு மதிப்பெண்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து 12ஆம் வகுப்பு வினாத்தாள்களில் பாதி, திறனைச் சோதிக்கும் கேள்விகளாக இருக்க வேண்டும் என்பது சி.பி.எஸ்.இ.யின் முடிவு. அதாவது, 'தற்காப்பு உத்திகள் யாவை?' என்று நேராகக் கேட்காமல் ஒரு சிறு சம்பவத்தைக் கொடுத்து இது எது என்று கேட்பார்கள். விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்காத பையன், "அங்கே சொல்லித்தருவதே சரியில்லையாம்" என்கிறான். எட்டாத திராட்சை புளிக்கும் என்ற நரியின் கதை நமக்குத் தெரியும். அதே கதைக்குப் பாடத்தில் 'நியாயம் கற்பித்தல்' என்று பெயர். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே விழிப்பார். வீட்டிலும் தெருவிலும் அதைப் பார்த்து அடையாளம் கண்டவர் எழுதிவிடுவார்.

எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கும் இந்தத் துறையே பதில் வைத்திருக்கிறது. மறதியைப் பற்றி ஜெர்மானியர் எபிங்ஹாஸ் 1885இலேயே எழுதினார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்தவர் அவர். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது என்று கண்டார். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை இரு விதமாகப் படிக்கச் செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றவர்கள் படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. மஞ்சள் மையால் பக்கம் முழுவதும் கோடு போடும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்: புத்தகத்தை மூடு, தாளை எடு, எழுதிப் பார், பிறகு திறந்து சரிபார். நாலு நாள் விட்டு மறுபடியும் எழுது.

செய்முறைத் தேர்வில் உளவியல் சோதனைகள் உண்டு, ஒரு தனிமனிதரைப் பற்றிய ஆய்வும் உண்டு. இதற்குப் பெரும்பாலும் அகப்படுகிறவர் எதிர்வீட்டு மாமி அல்லது ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா. அவரிடம் எதற்காக என்று சொல்லி முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும். பெயரை எழுதக் கூடாது. அவர் சொன்னதை வகுப்பில் பரப்பக் கூடாது. 'உங்களுக்கு இந்த வியாதி' என்று சொல்ல மாணவருக்கு உரிமையே இல்லை. இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் அல்ல. நாளை இதே தொழிலுக்கு வருகிறவருக்கு இதுதான் முதல் பாடம்.

பரீட்சை மண்டபத்துக்கும் சில வார்த்தை. வினாத்தாளைப் படிக்க மட்டும் 15 நிமிடம் தருகிறார்கள். சம்பவக் கேள்விகளை அப்போதே படித்துவிட வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு, ஆறு மதிப்பெண் கேள்விக்கு நேரமில்லாமல் தவிப்பது வழக்கமாக நடப்பது. வரையறை, விளக்கம், உதாரணம் என்ற வரிசையில் எழுதினால் திருத்துகிறவருக்கும் சிரமம் இல்லை.

இவ்வளவும் மதிப்பெண் விவகாரம். மதிப்பெண்ணைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. மனச்சோர்வின் அறிகுறிகளை மாணவி வரிசையாக எழுதுகிறாள்: எதிலும் ஆர்வமின்மை, தூக்கக் கேடு, தன்னைப் பற்றியே தாழ்ந்த எண்ணம். பதில் சரி, மதிப்பெண்ணும் முழுசு. அந்த வரிசை முழுவதும் அவளுக்கே பொருந்தினால்? பக்கத்து பெஞ்சில் இருப்பவளுக்குப் பொருந்தினால்? இதை யாரும் கேட்பதில்லை. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்க வேண்டிய குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் வந்துவிட்டது. வீடுகளில் இன்னும் "இந்த வயசில் உனக்கென்ன கவலை?" என்ற ஒற்றை வாக்கியம்தான் மருந்து.

உதவிக்கு வழி இருக்கிறது. தேர்வுக் கால ஆலோசனையை சி.பி.எஸ்.இ. 1998 முதல் தொலைபேசி வழியாக வழங்கி வருகிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பெற்றோருக்கு லாசரஸ் என்ற உளவியலாளரின் கருத்து ஒன்று உதவும். அதுவும் இதே பாடப் புத்தகத்தில்தான் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி நம்மை எவ்வளவு அழுத்தும் என்பது, அதை நாம் ஆபத்தாகப் பார்க்கிறோமா சவாலாகப் பார்க்கிறோமா என்பதையும், சமாளிக்க நம் கையில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம் என்பதையும் பொறுத்தது என்றார் அவர். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பார்வை பெரும்பாலும் சாப்பாட்டு மேஜையில் உருவாகிறது. "இதில் கோட்டைவிட்டால் உன் வாழ்க்கை முடிந்தது" என்பதும் ஒரு பேச்சு, "எந்தப் பாடம் பாக்கி? வா, நான் கேள்வி கேட்கிறேன்" என்பதும் ஒரு பேச்சு. இரண்டாவதைச் சொல்ல உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.