நடிப்பைச் சொல்லிக்கொடுங்கள், வாய்ப்பை விற்காதீர்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், சேலத்தில் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் இரண்டு நாள் நடிப்புப் பயிற்சிப் பட்டறை நடந்தது. ஆளுக்கு 12,000 ரூபாய். முப்பது பேர் சேர்ந்திருந்தார்கள். போஸ்டரில் ‘நேரடி சினிமா வாய்ப்பு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பட்டறையில் நான் மாணவன் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். படங்களுக்கு நடிகர் நடிகைகளைத் தேடிக்கொடுக்கும் ஒரு காஸ்டிங் டைரக்டரிடம் அப்போது உதவியாளனாக இருந்தேன். இரண்டு நாளைக்கு எனக்குக் கூலி 8,000 ரூபாய்.

முதல் நாள் மதியம் ஒரு பையன் எழுந்து, “அண்ணா, நீங்க ஜலகண்டாபுரந்தானுங்களே?” என்றான். எங்கள் காலனியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவன் தாத்தா கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். அப்பா தறிப்பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டி, தாரமங்கலம் வழியாக பஸ் பிடித்து வந்திருக்கிறான். ஊர்க்கார அண்ணன் ஒருவன் மேசையில் இருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துபோனது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பான்.

என் பைக்குள் ஒரு பட்டியல் இருந்தது. போஸ்டரில் பெயர் போட்டிருந்த அந்தப் படத்தின் சின்னக் கதாபாத்திரங்கள் வரைக்கும் ஆள் முடிவாகிவிட்ட பட்டியல் அது. பட்டறை தொடங்குவதற்கு முன்பே முடிவானது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

இதை என் பாவமன்னிப்பாக எழுதவில்லை, தோழர்களே. இது ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. அந்தத் தொழிலுக்கு ஒரு விதிகூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நடிப்பைக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுப்பது தவறில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கூத்துப் பழக்க வாத்தியாரைக் கூட்டிவந்து, ஊர் இளைஞர்கள் காசு சேர்த்துக் கொடுப்பது பழைய வழக்கம். கற்றுக்கொடுப்பது உழைப்பு. உழைப்புக்குக் கூலி வேண்டும். கூத்து வாத்தியார் விற்றது அவருக்குத் தெரிந்த அடவையும் பாட்டையும்தான். நாங்கள் சேலத்தில் விற்றது நடிப்பை அல்ல. யாருக்கு வேஷம் கொடுப்பது என்று முடிவு செய்கிறவரின் பார்வை தன்மேல் விழும் என்ற நம்பிக்கையை விற்றோம். ஆள் எடுக்கும் அதிகாரம் கையில் இருக்கிற ஒருவர், அந்த அதிகாரத்தின் வாசலில் உட்கார்ந்து கட்டணம் வசூலித்தால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. வேலைக்கு லஞ்சம் என்பார்கள்.

‘எல்லாத் தொழிலிலும் இப்படித்தான்’ என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. வேலை தேடித்தரும் தனியார் முகமைகள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆவது உடன்படிக்கை 1997லேயே சொல்லிவிட்டது. ஆள் தேவைப்படுகிறவர்தான் ஆள் தேடும் செலவை ஏற்க வேண்டும் என்பதே இதன் பொருள். ஹாலிவுட் இருக்கும் கலிஃபோர்னியாவில் 2009இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நடிப்பு வாய்ப்புக்கோ ஆடிஷனுக்கோ காசு வாங்குவது அங்கே குற்றம். நடிப்புப் பயிற்சி நடத்துகிறவர்கள் 50,000 டாலருக்கு உத்தரவாதப் பத்திரம் கட்ட வேண்டும். மாணவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அப்படியும் விற்பனை நிற்கவில்லை. 2017 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர அரசு வழக்கறிஞர் ஐந்து பயிற்சி நிறுவனங்கள் மீதும், காஸ்டிங் டைரக்டர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மீதும் கிரிமினல் வழக்குப் போட்டார். ‘பயிற்சி’ என்ற பெயரில் ஆடிஷனை விற்றார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. நாங்கள் சேலத்தில் செய்ததும் அதையேதான்.

அவ்வளவு தூரம் போவானேன், சேலத்துக்கே வருவோம். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. அந்த வளைவு இன்றும் நிற்கிறது. நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் மாதச் சம்பளத்துக்கு வைத்துப் படமெடுத்த நிறுவனம் அது. அந்த முதலாளியம் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆளைத் தேடும் செலவும், வைத்துக்கொள்ளும் செலவும் முதலாளியுடையதாக இருந்தது. இன்று அந்தச் செலவைத் தயாரிப்பாளர் காஸ்டிங் ஆட்களின் தலையில் கட்டுகிறார். காஸ்டிங் ஆட்கள் அதைத் தறிக்காரர் மகனின் தலையில் கட்டுகிறார்கள். அன்று முப்பது பேரிடம் வசூலானது 3,60,000 ரூபாய். ஒரு படத்துக்கு ஆள் தேடிக்கொடுத்ததற்குப் பல மாதங்களாக வராமல் கிடந்த சம்பளத்தை எங்கள் குழு அந்த இரண்டு நாளில் எடுத்துக்கொண்டது. மேலே இருப்பவனிடம் கேட்க முடியாத கூலியைக் கீழே இருப்பவனிடம் பிடுங்குவது. அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மை சாதியில் மட்டும் இல்லை, சாதி நுழைந்த எல்லா இடத்திலும் இதே படிக்கட்டுதான்.

சாதி எங்கே நுழைந்தது என்று கேட்கலாம். சொல்கிறேன்.

சினிமாவுக்குள் சொந்தபந்தமும் சாதிக்காரத் தொடர்பும் உள்ளவர்கள் இந்தப் பட்டறைக்கு வருவதில்லை. அவர்களுக்கு ஒரு போன் போதும். என் பையில் இருந்த பட்டியலில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான், ஒரு ரூபாய் கட்டவில்லை. தொடர்பு இல்லாதவர்களுக்குத்தான் 12,000 ரூபாய் கட்டணம். ஆக, இந்தக் கட்டணம் எல்லாருக்கும் பொதுவானதல்ல. தொடர்பு இல்லாமல் பிறந்ததற்கான அபராதம் அது.

அடுத்தது, நாங்கள் நிரப்பச் சொன்ன படிவம். பெயர், வயது, உயரம். அதற்குக் கீழே சொந்த ஊர், அப்பா பெயர், அப்பாவின் தொழில். ஒருவன் அழுது நடிப்பதற்கு அவன் அப்பாவின் தொழில் எதற்கு? கடைசியில் நாங்கள் மட்டும் நிரப்பும் ஒரு கட்டம், ‘லுக்’. அதில் எழுதும் வார்த்தைகள் மூன்று: ‘கிளாஸ்’, ‘ஃபேமிலி’, ‘லோக்கல்’. சாதிப் பெயரை யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லை. கருப்பாக, ஒல்லியாக, ஊர்ப்பேச்சோடு வருகிறவன் லோக்கல். லோக்கல் என்றால் அடியாள், பிக்பாக்கெட், கூட்டத்தில் ஒருவன். ஹீரோவின் நண்பனாகக்கூட இருக்க முடியாது. அந்தப் பையனின் படிவத்தில் ‘லோக்கல்’ என்று எழுதியது என் கைதான். காலனியிலிருந்து போன என் கை.

யார் எந்த வேஷம் கட்டலாம் என்பதைச் சாதி தீர்மானிப்பது நேற்றுத் தொடங்கியதல்ல. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே.ரோஸி ஒரு தலித் பெண். ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காக ஆதிக்க சாதியினர் திரையில் கல்லெறிந்தார்கள். அவர் ஊரைவிட்டே ஓடித் தமிழ்நாட்டில் மறைந்து வாழ வேண்டியிருந்தது. இன்று கல்லெறிவதில்லை. படிவத்தில் ஒரு கட்டம் போதுமானதாக இருக்கிறது.

இரண்டாம் நாள் அவன் தாத்தாவிடம் கற்ற ஒரு விருத்தத்தைப் பாடி நடித்தான். ஹால் அமைதியானது. எங்கள் காஸ்டிங் டைரக்டர் சொன்னார்: “கூத்து மாதிரி பண்ணாத தம்பி, நேச்சுரலா பண்ணு.” மூன்று தலைமுறைக் கலையை ஒரே வரியில் குறையாக்கி, அந்தக் குறையைத் தீர்க்க அடுத்த நிலைப் பயிற்சிக்கு 20,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் பரியனின் அப்பாவாக வந்த நெல்லை தங்கராஜ் பெண் வேடமிட்டு ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். மாரி செல்வராஜ் அந்தக் கலையைக் குறையாகப் பார்க்கவில்லை. அதற்காகவே அவரைத் தேடிப்போனார். தேடிப்போவதுதான் காஸ்டிங் வேலை. ஓட்டலில் உட்கார்ந்து கட்டணம் வாங்குவதல்ல.

அந்தப் பையனை ஒருமுறை கூப்பிட்டார்கள். ஒரு சேரி தீப்பற்றி எரியும் காட்சி. ஓடுகிற கூட்டத்தில் ஒருவன். சம்பளம் இல்லை. ‘பட்டறை மாணவர்களுக்கு அனுபவம்’ என்று சொன்னார்கள். அன்று முப்பது பேர் சும்மா ஓடியதால், கூலிக்கு வந்திருக்க வேண்டிய துணை நடிகர்கள் முப்பது பேருக்கு அன்றைய சோறு போனது. காசு கட்டிய ஏழையை வைத்துக் கூலி கேட்கும் ஏழையை வெளியேற்றுவதற்கும் இந்தப் பட்டறைதான் பயன்பட்டது.

பெண்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கேரளத்தில் நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, வாய்ப்புக்கு உடலை விலையாகக் கேட்பது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பது பதிவானது. வாய்ப்புக்கு விலை உண்டு என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டால், அந்த விலையை எதில் கேட்பது என்பதைக் கேட்கிறவன்தான் முடிவு செய்வான். இன்று பணம். பணம் இல்லாதவளிடம் வேறு.

சரி, என்ன செய்யலாம்? தமிழ்த் திரைத்துறைச் சங்கங்கள் இந்த விதிகளையாவது ஏற்க வேண்டும்.

ஒன்று, ஒரு படத்துக்கு ஆள் தேர்வு செய்துகொண்டிருப்பவர் அந்தத் தேர்வு முடியும் வரை கட்டணப் பயிற்சி நடத்தக்கூடாது.

இரண்டு, ஆடிஷன் எப்போதும் இலவசம். பயிற்சி விளம்பரத்தில் படத்தின் பெயரோ, இயக்குநரின் படமோ, ‘வாய்ப்பு’ என்ற சொல்லோ இருக்கக்கூடாது.

மூன்று, கட்டணம், பாடம், நேரம், பணம் திரும்பப் பெறும் வழி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ‘இதில் சேர்வதால் வேலை கிடைக்காது’ என்பதையும் அதில் தமிழில் எழுத வேண்டும்.

நான்கு, மாணவரைக் கேமரா முன்னால் நிறுத்தினால் அன்றைக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

ஐந்து, சாதி, அப்பாவின் தொழில், குடியிருக்கும் தெரு எதையும் கேட்கக்கூடாது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு.

ஆறு, தனியறைச் சந்திப்பு கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் உடன் இருக்க வேண்டும். புகார் கேட்க நடத்துகிறவருக்குத் தொடர்பில்லாத ஒரு பெண் பொறுப்பாளர் வேண்டும்.

ஏழு, காஸ்டிங் குழுவின் சம்பளத்தைத் தயாரிப்பாளர் உரிய நேரத்தில் கொடுக்க வேண்டும். இது இல்லாமல் மற்ற ஆறும் நிற்காது.

‘ஏழை மாணவர்களுக்கு நாலு இடம் இலவசமாகத் தருகிறோமே’ என்று சில நல்ல மனிதர்கள் சொல்கிறார்கள். விற்கக்கூடாத ஒன்றை விற்றுக்கொண்டு, நாலு பேருக்கு மட்டும் சும்மா கொடுப்பதில் நீதி இல்லை. ‘இதுவும் இல்லையென்றால் கிராமத்துப் பிள்ளைகள் எங்கே கற்பார்கள்’ என்பது நியாயமான கேள்வி. திராவிட இயக்க நாடகாசிரியர் ஜலகண்டாபுரம் ப.கண்ணனின் ஊர் எங்களுடையது. மேடையை அரசியலாக்கிய மரபு இந்த மண்ணில் இருக்கிறது. கூத்துக் கலைஞர்களும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. கூத்து வாத்தியாருக்கு அரசு சம்பளம் கொடுத்து, மாலை நேரத்தில் அங்கே நடிப்புச் சொல்லிக்கொடுக்கலாம். கற்கும் இடமும் ஆள் எடுக்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். இதைத்தான் கேட்கிறோம்.

அந்த வேலையை விட்ட பிறகு ஊருக்குப் போனபோது அவனைப் பார்த்தேன். தறிப்பட்டறையில் இருந்தான். தறிச்சத்தத்தில் பேச முடியாமல் வெளியே கூட்டிவந்து, பட்டியல் முன்பே முடிந்திருந்ததைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. “அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அம்மா தோடாவது மிஞ்சியிருக்குமுங்கண்ணா” என்றான். என் கூலி 8,000 ரூபாயை அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். தோட்டை மீட்க அது போதவில்லை.

இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. யாராவது நடிப்புப் பட்டறைக்குப் பணம் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லிக்கொடுக்கப் போகிறவர் இப்போது எந்தப் படத்துக்காவது ஆள் எடுக்கிறாரா? எடுக்கிறார் என்றால் அந்த ஆடிஷன் எங்கே, எப்போது இலவசமாக நடக்கிறது? பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா? மூன்றில் ஒன்றுக்குச் சரியான பதில் வராவிட்டாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் என்னைப்போல் உட்கார்ந்திருக்கும் காலனித் தோழர்களுக்கும் ஒன்று. உங்கள் பையிலும் அந்தப் பட்டியல் இருக்கும். பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.