பின்பாரம்

சிவன்மலை அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சைடு ஸ்டாண்டில் நின்ற என் வண்டி, யாரும் தொடாமலே, வலப்பக்கமாகச் சாய்ந்து மெதுவாகப் படுத்தது. தேங்காய் லாரி ஒன்று கடந்துபோன காற்றுதான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். டீ மாஸ்டர் நம்பவில்லை. இடப்பக்கம் ஸ்டாண்ட் உள்ள வண்டி வலப்பக்கம் விழுவதென்றால் அது கிட்டத்தட்ட நட்டுக்குத்தலாக நின்றிருக்க வேண்டும். நின்றுதான் இருந்தது. அப்படி நிற்கும்படி செய்துவைத்ததும் நான்தான்.

என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். பெண் பார்த்த காலத்தில் ஜாதகத்தோடு போன குறிப்பில் ஐந்தடி நாலு என்று இருக்கும். அது எங்கம்மா அளந்தது. வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 411 சிசி ஹிமாலயன். 2016-இல் அந்த மாடல் வந்த நாளிலிருந்து கண் அதன்மேல்தான். சீட்டு உயரம் 800 மில்லிமீட்டர் என்று படித்தபோது பயமாகத் தெரியவில்லை. அதே கம்பெனியின் கிளாசிக் 350-க்கே 805. ஆனால் எடை 199 கிலோ, எட்டு சிப்பம் அரிசி. அதை இரண்டு கட்டைவிரல் நுனியில் தாங்கிக்கொண்டு காங்கேயம் பஸ் ஸ்டாண்ட் முக்கில் சிக்னலுக்கு நிற்பது வேறு சங்கதி.

"பின்னாடி லிங்க்கை மாத்திட்டா இறங்கிருமுங்ணா. ஒரு மணி நேர வேலை" என்றார் தெரிந்த மெக்கானிக் தம்பி. இந்த வண்டியில் பின்சக்கரத்துக்கு ஒரே ஷாக்தான், நடுவில் ஒளிந்திருக்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் ஷாக்குக்கும் இடையே நெம்புகோல் மாதிரி ஒரு துண்டு. அதைப் பிடித்துக்கொண்டு சோடியாக இரண்டு இரும்புப் பட்டை. நாய்க்குப் போடும் எலும்பு போலிருப்பதால் வெளிநாட்டில் அதற்கு நாயெலும்பு என்றே பெயர். அந்தப் பட்டையைச் சற்று நீளமாக்கினால் வண்டியின் பின்புறம் தணியும். நெம்புகோல் கணக்கு என்பதால் பட்டையில் கூட்டிய நீளத்தைவிட சீட்டு அதிகமாக இறங்கும். லேத் பட்டறையில் புதுப்பட்டை கடைந்து வாங்கி மாட்டினோம். 30 மில்லிமீட்டர் இறங்கியது. இரண்டு பாதமும் முக்கால்வாசி தரையில் பதிந்தன. அன்று சாயங்காலம் ஊதியூர் வரை ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டு வந்தேன்.

மூன்றாம் நாள்தான் சிவன்மலை. பின்புறம் தணிந்தால் சைடு ஸ்டாண்ட் அந்த அளவுக்கு நீளமாகிவிடுகிறது, வண்டி சாய்ந்து நிற்க இடமில்லை. ஸ்டாண்டை அறுத்து மறுபடி வெல்டிங் வைத்தோம். சென்டர் ஸ்டாண்டுக்கும் அதே பாடுதான். அதை மிதித்து வண்டியை ஏற்ற, களத்திலிருந்து கொப்பரை அள்ளுகிற ஆள் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. ராத்திரி தாராபுரம் ரோட்டில் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. எதிரே வந்த எல்லா வண்டியும் டிம்-டிப் அடித்தது. நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு லாரிக்காரர் நிறுத்தி என் குலத்தையே விசாரித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துக் கணக்குப் போட்டேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1465 மில்லிமீட்டர். அதில் பின்பக்கம் 30 இறங்கினால் வண்டி ஒரு டிகிரிக்குச் சற்று மேலாக அண்ணாந்து பார்க்கிறது. ஒரு டிகிரி என்றால் என்ன பிரமாதம்? 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் ஒரு மீட்டர் உயர்ந்து நிற்கிறது. ரோட்டில் விழ வேண்டியது லாரிக்காரர் கண்ணிலும் தென்னை மட்டையிலும் விழுந்துகொண்டிருந்தது.

விளக்கைத் திருகி இறக்கிவிடலாம். ஆனால் அண்ணாந்தது விளக்கு மட்டும் இல்லை, முன் ஃபோர்க்கும்தான். ஃபோர்க் படுக்கப் படுக்க முன்சக்கரம் முன்னால் தள்ளிப்போகும், ஹேண்டில் திரும்பச் சோம்பேறித்தனம் காட்டும். நேர் ரோட்டில் அது சுகமாகக்கூட இருந்தது. சின்னாறு தாண்டி மறையூர் ஏறும் வளைவுகளில், நான் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளியே வண்டி போயிற்று. ஒரு இடது வளைவில் சென்டர் ஸ்டாண்ட் தரையை உரசித் தீப்பொறி பறந்ததாகப் பின்னால் வந்த நண்பர் சொன்னார். பின்சீட்டில் இருந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

எங்கப்பாருக்கு இது தெரிந்திருக்கும். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றி முடித்ததும் மாட்டைப் பூட்டுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்வார். முன்னால் வந்து குனிந்து, நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கையில் லேசாகக் கனத்தால் சரி. ரொம்பக் கனத்தால் முன்பாரம், மாட்டின் கழுத்து நொந்துபோகும். கனமே இல்லாமல் நுகத்தடி மேலே எழும்பினால் பின்பாரம். அதுதான் அவருக்குப் பயம். ஏர்க்கால் வானத்தைப் பார்க்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அப்போது இரண்டு மூட்டையை இறக்கமாட்டார், இரண்டு சாண் முன்னால் நகர்த்துவார். மறுபடி தூக்கிப் பார்ப்பார். காங்கேயம் காளைகளின் திமிலை வருணித்து எழுதுகிறவர்கள் எவ்வளவோ பேர். அந்தக் கழுத்துக்குப் பின்னால் இருந்த இந்த எடைக் கணக்கை எழுதியவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

நான் செய்துவைத்தது சுத்தமான பின்பாரம். சரி செய்ய ஒரு வழி உண்டு. முன் ஃபோர்க்கை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் சற்று மேலே ஏற்றிவிட்டால் முன்பக்கமும் இறங்கி, வண்டி மட்டத்துக்கு வரும். ஆனால் அடிப்பகுதி இன்னும் தரைக்கு நெருங்கும். இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 220 மில்லிமீட்டர் இடைவெளி. நம் ரோட்டுக்கு அது ஆடம்பரம் இல்லை. வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் என்று இந்திய ரோடு காங்கிரஸ் விதி எழுதிவைத்திருக்கிறது. வெள்ளகோவில் பக்கத்துக் கிராமங்களில் அந்த விதியைப் படித்தவர் யாரும் தார் ஊற்றியதாகத் தெரியவில்லை. படுத்திருக்கும் பனைமரம் மாதிரி இருக்கிறது. ஆள் ஏற்றிப் போனால் அடித்தகடு தட்டுகிறது; மனசுக்குள்தான் தட்டுகிறது.

ஹார்லி கம்பெனி 2021-இல் கொண்டுவந்த பான் அமெரிக்காவில், வண்டி நிற்கப்போகும்போது தானாகவே தணிந்து, கிளம்பியதும் உயர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. கோவில் யானை பாகனுக்கு மண்டியிடுகிற மரியாதை. அந்த விலைக்கு நான் ஒரு காணி வாங்கிக் கொழுக்கட்டைப்புல் வளர விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் பழைய பட்டையையே மாட்டச் சொன்னேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு முகம் சுளிக்கும் என்பதும் ஒரு காரணம். லாரிக்காரர் பேசிய பேச்சு பெரிய காரணம். ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தை இரண்டு சுற்றுத் தளர்த்தினோம். பலர் நினைப்பதுபோல இதனால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடாது. நாம் உட்காரும்போது வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். வீட்டம்மா ஏறினால் மறுபடி இறுக்க வேண்டும். பிறகு சீட்டு தைப்பவரிடம் போய், தொடை படும் இரண்டு ஓரத்திலும் ஃபோமைச் சீவி எடுத்தோம். நடுவில் கை வைக்கவில்லை. கால் வெளியே அகலாமல் நேராக இறங்கியதில் அரை அங்குலம் லாபம்.

மற்றபடி ஒரு கால்தான். நிற்கும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது பாதத்தை முழுதாக ஊன்றுகிறேன், வலது கால் பிரேக்கில். குட்டையான ஆட்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் போல. இரண்டு காலும் ஊன்றினால் பிரேக்கை யார் மிதிப்பது என்று வீட்டம்மா ஆறு மாதம் முன்பே கேட்டிருந்தாள்.

போன வாரம் மெக்கானிக் தம்பி போன் செய்தார்.

"ஏனுங்ணா, அந்த நீளப் பட்டை ரெண்டும் சும்மாதானே கிடக்குது? ஒருத்தர் கேக்கறாருங்க."

"எத்தனை உயரம்?"

"ஐந்தடி நாலுன்னு சொல்றாருங்ணா."

"யார் அளந்தது?" என்று கேட்டேன்.