புளிக்கு மசியாத வாசனை

பி.காம். படித்தவனுக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன். மனைவி ஊருக்குப் போன வாரம், திருவொற்றியூர் மார்க்கெட்டில் அரை கிலோ சங்கரா வாங்கியதில் மாட்டிக்கொண்டேன்.

மீன்கார ஆயா செவுளைத் தூக்கிக் காட்டி, "செவப்பா கீது பாரு நைனா. புளியக் கரைச்சு ஊத்து, கவிச்சி ஓடிப் பூடும்" என்றார்.

ஏன் ஓடுகிறது? பக்கத்து போர்ஷன் சயின்ஸ் வாத்தியாரைக் கேட்டுத் தொலைத்தேன். ஒரு மணி நேரம்!

ஐஸ் உருகினால் தண்ணீர். ஃபிரிஜ்ஜில் வைத்தால் மறுபடி ஐஸ். கரைந்த உப்பும், தண்ணீரை வற்றவிட்டால் திரும்பக் கிடைக்கும். இது பௌதிக மாற்றம். கைமாற்றுக் கொடுத்த பணம் மாதிரி. (திரும்பி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) வெந்த மீன் பச்சை மீனாகாது, சிவந்த வெங்காயம் வெளுக்காது. இது ரசாயன மாற்றம். ஐந்தாம் தேதிக்கு மேல் சம்பளம் மாதிரி.

கடல் மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதன் உடம்பில் ட்ரைமெத்திலமைன் என்ற சரக்கை உண்டாக்குகின்றன. அம்மோனியாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கவிச்சி அதுதான். அது காரம், புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பாகி, ஆவியாகாமல் குழம்பிலேயே தங்கிவிடும். மூக்குக்கு வராது. டெபிட், கிரெடிட் டேலி!

அடுத்த ஞாயிறு ஆயாவிடம் பீற்றிக்கொண்டேன். "எந்த நாத்தமும் புளிக்கு அடங்கிடும் ஆயா, கணக்கு அப்படி!"

ஆயா சிரிக்கவில்லை. எண்ணூர்க்காரர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்ததே, அதைச் சொன்னார். படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. ஜனங்கள் பக்கெட்டால் மொண்டார்களாம்.

"அப்போ வந்த எறாவைக் கொதிக்க வெச்சா டீசல் நாத்தம் நைனா. எவ்ளோ புளி ஊத்தியும் போவல."

வாத்தியாரிடம் ஓடினேன். எண்ணெய் காரமில்லை, புளிக்கு அங்கே வேலையில்லை. மீனின் கொழுப்பில் அது கரைந்துவிடும் என்றார். பௌதிக மாற்றம்தானாம். புத்தகப்படி பிரித்துவிடலாமாம். குழம்புச் சட்டியில் எப்படிப் பிரிப்பது என்று புத்தகத்தில் இல்லை.

ஆயா இன்னொன்றும் கேட்டார்: "எண்ணூர் மீனான்னு கேட்டுட்டு எயுந்து போனாங்களே, அவங்க திரும்பி வர்றதுக்கு இன்னா ஊத்தணும்?"

அது பௌதிகமா, ரசாயனமா? வாத்தியார் யோசித்துக்கொண்டிருக்கிறார்.