ஊர்ப்பெயர் கேளாத பயணம்

ஆனி கழிந்து ஆடி பிறக்குங் காலத்திலே உறைபனி படியும் நாடுகளும் உண்டு என்று புவியியல் வகுப்பிலே படித்திருக்கிறோம். படித்ததைக் கண்ணாற் காணும் வாய்ப்பு எனக்குச் சென்ற ஆண்டிலே கிட்டியது. சிட்னி நகரிற் குடியிருக்கும் என் தம்பி, யூலை மாதப் பள்ளி விடுமுறையில், மனைவி மக்களோடு என்னையும் ஏற்றிக்கொண்டு நாட்டுப்புறம் நோக்கிப் புறப்பட்டான். மோட்டார் வண்டியின் பின்னே இருபதடி நீளமான வீடொன்றும் வந்தது. அதனைக் 'கரவன்' என்பர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, உண்ணும் மேசை யாவும் அதனுள் அடக்கம். நத்தை தன் வீட்டைச் சுமந்து செல்கிறது. இவர்கள் இழுத்துச் செல்கிறார்கள்.

இவ்வகைப் பயணத்தை நான் குறைகூற வரவில்லை. குடும்பத்தை ஒன்றுசேர்ப்பதற்கு இதனினும் நல்ல வழியை நான் கண்டதில்லை. தரித்த இடந்தோறும் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் உண்டு. மூத்தவன் சில்லுகளுக்கு அடைகட்டை வைப்பான். இளையவள் ரசமட்டத்தைப் பார்த்து, இன்னுஞ் சற்று உயரவேண்டும் என்று தகப்பனுக்கே கட்டளையிடுவாள். மாலை மங்கியதும் கங்காருகள் வீதிக்கு வரும். ஆதலாற் பொழுதுபடுமுன் தரிப்பிடஞ் சேர்தல் வேண்டும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். பின்னர் நெருப்பைச் சுற்றியிருந்து கதை பேசுவதன்றி வேறு வேலை இல்லை. விடியற்காலையிற் புற்றரை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். பிள்ளைகள் வண்டிக் கண்ணாடியிற் படிந்த உறைபனியிலே தங்கள் பெயரை விரலால் எழுதி மகிழ்வர்.

என் குறை வேறு. தம் பெயரை எழுதிய பிள்ளைகள், தாம் தங்கிய ஊரின் பெயரை ஒருநாளும் விசாரித்தாரில்லை. இன்னும் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டார்கள். அடுத்த ஊரில் என்ன தின்னலாம் என்று கேட்டார்கள். பெயரைக் கேளாமற் கடந்த ஊர், காணாத ஊரேயாகும் என்பது என் கருத்து.

சிட்னியிலிருந்து தென்மேற்கே, ஏறக்குறைய 380 கிலோமீற்றர் தொலைவில், மரம்பிஜி ஆற்றங்கரையிலே கண்டகாய் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரின் பெயரோடு பிரியாது வழங்குவது ஒரு நாயின் சிலை. உணவுப் பெட்டியின்மேற் காவலிருந்ததாகக் கதையிலும் பாட்டிலும் வரும் அந்நாய்க்கு 1932இலே சிலை திறந்தனர். வருவோர் எல்லாரும் அதனைப் படம் பிடிப்பர்; நாங்களும் பிடித்தோம். அவ்வூரிலே வேறொரு சிலையும் உண்டு. 1852ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, இதுபோன்றதொரு குளிர்காலத்தில், ஆறு பெருகி ஊரை விழுங்கிற்று. ஏறக்குறைய 250 பேர் வாழ்ந்த ஊரில் 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரவுகளில் யாரி, ஜாக்கி ஜாக்கி முதலிய விராட்ஜுரி இனத்து ஆதிக்குடிகள் படகுகளிற் சென்று, மரக்கிளைகளிலும் கூரைகளிலும் தொங்கியோருள் 60க்கு மேற்பட்டோரைக் காத்தனர். தம் நிலத்தைப் பறித்தவர்களையே காத்தனர் என்பதை மறத்தலாகாது. இவர்களுக்குச் சிலை எழுந்தது 2017இலே. நாயின் சிலைக்கும் மனிதரின் சிலைக்கும் இடையே 85 ஆண்டுகள் கிடக்கின்றன.

அங்கிருந்து மேற்கே ஒருமணி நேரப் பயணத்தில் வாகா வாகா என்னும் நகர் வருகிறது. சொல்லை அடுக்கிப் பன்மை காட்டுவது விராட்ஜுரி மொழியின் மரபு. வாகா என்பது காகம். ஆகவே இது 'காகங்கள் மலிந்த ஊர்' என்று நெடுங்காலமாக எழுதியும் கற்பித்தும் வந்தனர். அம்மொழியை வீட்டிலே கேட்டு வளர்ந்த முதியவர் ஸ்டான் கிராண்ட் என்பவரும், மொழியறிஞர் ஜோன் ரட்டர் என்பவரும் கூடி விராட்ஜுரி அகராதி செய்தனர். வாகா என்பது ஆடல். காகத்திற்கு வழங்குஞ் சொல் சற்றே வேறு என்பது அதனாற் புலனாயிற்று. 2019இலே நகரசபையும் தவற்றைத் திருத்தி, 'பல ஆடல்களும் கொண்டாட்டங்களும் நிகழும் இடம்' என்ற பொருளை ஏற்றது. மக்கள் கூடி ஆடிய களத்தைக் காக்கைக்கூட்டம் என்று எண்ணியிருந்த காலம் ஒரு நூற்றாண்டினும் அதிகம்.

இத்தவறு இத்துணைக் காலம் நிலைத்தது எவ்வாறு? திருத்தக்கூடியவர்களின் வாயைக் கட்டிவைத்தமையால் நிலைத்தது. மேற்சொன்ன ஸ்டான் கிராண்ட் சிறுவனாயிருந்தபோது, அவருடைய பாட்டனார் பொதுவிடத்திலே பேரனைத் தம் மொழியில் அழைத்தார். அக்குற்றத்திற்காக ஓரிரவு சிறையிருந்தார். அதன்பின் பொதுவிடத்தில் அவர் அம்மொழியைப் பேசவேயில்லையாம். ஆங்கிலேயர் வந்திறங்கிய 1788இலே அந்நாட்டில் 250க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. குழந்தைகள் தாய்மொழியாகக் கற்று வருதலால் இன்றும் வலிமையோடு நிற்பவை 12 அளவே என்று 2020இல் வெளிவந்த அறிக்கை கூறுகிறது. மொழி போயிற்று, அதிலிருந்து உதிர்ந்த சொற்கள் மாத்திரம் வீதியோரப் பலகைகளில் நிற்கின்றன. அவற்றை நாம் நூறு கிலோமீற்றர் வேகத்தில் கடந்து செல்கிறோம்.

இவற்றை நெருப்பருகே சொன்னபோது தம்பி சிரித்தான். "அண்ணை, பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். இங்கேயுமா வகுப்பு?" என்றான். நியாயமான கேள்வியே. விடுமுறையை வகுப்பாக்கும் ஆசிரியனைப் பிள்ளைகள் விரும்பார். ஆயினும் நான் கேட்பது பாடம் அன்று. விருந்தினனாய் ஒருவர் வீட்டுக்குட் சென்றவன் வீட்டுக்காரரின் பெயரை வினவுவது பாடமா? அது மரியாதை. ஊருக்கு ஒரு வினா, நெருப்பருகே ஒரு விடை. ஒரு நாளைக்கு அது போதும். நல்ல செய்தியும் உண்டு: வாகா வாகாவில் உள்ள சார்ள்ஸ் ஸ்டேர்ட் பல்கலைக்கழகத்திலே விராட்ஜுரி மொழியை முறையாகக் கற்பித்திருக்கிறார்கள். வினவுவோர் இருந்தால் விடை சொல்வோரும் இருக்கிறார்கள்.

மறுநாட் காலை இளையவள் உறைபனிக் கண்ணாடியிலே தன் பெயரின் கீழ் 'வாகா வாகா' என்று எழுதினாள். எழுதி முடித்து, "பெரியப்பா, எங்கட ஊர்ப் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் இலக்கணங் கற்பித்தவனுக்கு அதற்கொரு விடை ஆயத்தமாகவே இருந்தது. முன்னோர் சொல்லக் கேட்ட விடை. சொல்ல வாயெடுத்தபோது காகக் கதை நினைவுக்கு வந்தது. "தேடிப் பார்த்துச் சொல்லுகிறேன், பிள்ளை" என்றேன். ஊர் திரும்பிய நாள் முதலாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.