வெடி விபத்தில் தப்பியவர்களின் மனநலச் சிகிச்சைக்கான கோரிக்கை மனு

அனுப்புநர்: சாத்தூர் வட்டாரப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களின் சங்கத்தார்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விருதுநகர்.

பொருள்: வெடி விபத்துகளில் உயிர் தப்பியோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஊருக்கு அருகிலேயே மனநலச் சிகிச்சை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது இறந்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர், காப்பாற்ற ஓடியவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். ரெங்கபாளையம், இராமுதேவன்பட்டி, செங்கமலப்பட்டி என்று பட்டியல் நீள்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. தீக்காயத்துக்கு மருந்து கிடைக்கிறது. தப்பியவர் ராத்திரி தூங்குகிறாரா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

தப்பி வந்த பெண்ணைப் பயந்திருக்கிறாள் என்று மந்திரித்துக் கயிறு கட்டி, சில வாரங்களில் அவளை வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். அனுப்பாமல் என்ன செய்வது? குழுக் கடன் தவணை காத்திருக்காது. வேறு வேலை என்றால் தீப்பெட்டி ஆபீஸ். அங்கும் அதே மருந்து வாடை. பக்கத்து ஆலையில் சோதனைக்கு ஒரு வெடி போட்டாலே கை நடுங்குகிறது. நடுங்கும் கையால் வெடிமருந்து அடைப்பது அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. ஆகவே இதை ஆலைப் பாதுகாப்போடு சேர்த்தே தாங்கள் பார்க்க வேண்டும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 18ஆம் பிரிவில் இந்தச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. 14416 தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைப்பதை வரவேற்கிறோம். ஆனால் முகம் பார்த்துப் பேசினால்தான் எங்கள் பெண்கள் மனம் திறப்பார்கள்.

சாத்தூர் அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது, வேலை விட்டு வரும் மாலை நேரத்தில், மனநல மருத்துவரும் ஆலோசகரும் இருக்க வேண்டும். இதுவே எங்கள் முதல் கோரிக்கை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீட்டுக்கு வரும்போதே தூக்கம், பயம், குடி பற்றியும் விசாரிக்க அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். காப்பாற்ற ஓடியவர்களையும் தாயை இழந்த பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாத்திரை மட்டும் போதாது. ஆலைக்குத் திரும்புவதா, எப்போது திரும்புவது என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்ய வேண்டும். அதுவரை உதவித்தொகையும், விரும்பினால் மாற்றுத் தொழில் பயிற்சியும் தேவை. இதே துயரத்திலிருந்து மீண்டு வந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை மதிப்பூதியம் தந்து துணைக்கு அமர்த்துங்கள். அவர்கள் சொன்னால் பாதிக்கப்பட்டவர்கள் கேட்பார்கள்.

தீபாவளி உற்பத்தி வேகம் பிடிக்கும் முன் உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தார், சாத்தூர்.