காரில் ஆழமான கீறலா? வாட்டர் பேப்பர் போடும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

காங்கேயம், தாராபுரம் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போய்வந்தவர்களுக்கு இட்டேரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு பக்கமும் கிளுவை முள் வேலி. எதிரே டிராக்டர் வந்தால் வேலியை உரசித்தான் ஒதுங்க முடியும். வீட்டுக்கு வந்து காரைக் கழுவும்போதுதான் கதவு நீளத்துக்கு ஒரு கோடு தெரியும். மறுநாள் கோவையில் ஏதாவது ஒரு பாலிஷ் கடைக்குப் போனால், "வாட்டர் பேப்பர் போட்டு ஒரு தேய் தேய்ச்சா போயிருமுங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

போயிரும்தான். ஆனால், கூடவே என்ன போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

கார் மேல் எத்தனை அடுக்கு?

இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட் என நான்கு அடுக்குகள் இருக்கும். கம்பெனி பெயின்ட்டில் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். கிளியர் கோட் மட்டும் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியின் சராசரித் தடிமனைவிட இது குறைவு.

பளபளப்பு தருவது மட்டும் கிளியர் கோட்டின் வேலை அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உள்வாங்கி, அடியில் இருக்கும் நிறத்தைக் காப்பதும் அதுதான்.

தேய்க்கும்போது என்ன நடக்கிறது?

தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரை அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1921-ல் கொண்டுவந்தது. தண்ணீர் தூசியை அடக்கும், சூட்டைக் குறைக்கும், தேய்ந்த துகளைக் கழுவிவிடும். அதனால்தான் கார் பெயின்ட் பட்டறைகளில் அது சீக்கிரமே நிலைத்துவிட்டது.

ஆனால், அது கீறலை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் பெயின்ட்டைத்தான் கீறலின் அடி மட்டத்துக்கு இறக்குகிறது. காட்டில் ஒரு குழி விழுந்தால் யாராவது காடு முழுக்க மண்ணை வெட்டி எடுத்துச் சமன் செய்வார்களா? ஆழமான கீறலை வெறுமனே தேய்த்தே எடுப்பது அப்படிப்பட்ட வேலைதான்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் இந்தப் பழக்கத்தில் பெரிய நஷ்டம் இல்லை. அந்தக் கார்களில் நிறமேதான் மேல் அடுக்கு. தேய்த்தால் துணியில் கொஞ்சம் நிறம் ஒட்டும், அடியிலும் அதே நிறம் இருக்கும். இன்று கிளியர் கோட் போனால் அது திரும்பி வராது. இன்றைக்குப் பளபளக்கும் இடம், சில கோடைகள் வெயிலில் நின்ற பிறகு வெளுத்து, தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கும். அதன் பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. அந்தக் கதவையோ பானட்டையோ முழுசாகப் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

எந்தக் கீறலுக்கு எது சரி?

கீறல் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் மறைந்தால் அது பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நிற்கிறது. காம்பவுண்ட், பாலிஷ் போதும். பிறகு நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் மாட்டினால் கீறல் ஆழமானது. வெள்ளையாகப் பிரைமரோ தகடோ தெரிந்தால், தேய்ப்பது தீர்வே அல்ல.

அப்படிப்பட்ட கீறலுக்கு முதலில் காரின் கலர் கோடுக்குப் பொருந்தும் டச்-அப் பெயின்ட்டை மெல்லிய அடுக்குகளாக விட வேண்டும். மேலே கிளியர் கோட் விட்டு, நன்றாகக் காய விட வேண்டும். கடைசியில் மேடாக நிற்கும் பகுதியை மட்டும் சின்னக் கட்டையில் சுற்றிய 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் சமன் செய்து, காம்பவுண்டும் பாலிஷும் போடலாம். வாட்டர் பேப்பருக்கான சரியான இடம் இதுதான். கதவின் விளிம்பிலும் பாடி மடிப்புக் கோடுகளிலும் கை வைக்கவே கூடாது. பெயின்ட் அங்கேதான் சீக்கிரம் அறுந்துபோகும்.

கேட்பது நம் உரிமை

பெயின்ட் தடிமனை அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது. தகட்டின் மேல் வைத்தால் நொடியில் மைக்ரான் கணக்குச் சொல்லும். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் சாதாரணக் கருவி வேலை செய்யாது. "தேய்க்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்து காட்டுங்கண்ணா" என்று கேட்பதில் தப்பே இல்லை. அளக்காமல் தேய்க்கும் கடையைவிட, "இந்தக் கோடு முழுசாப் போகாதுங்க" என்று உண்மையைச் சொல்லும் கடையே மேல்.

இன்சூரன்ஸ் இருக்கே என்று நினைத்தால், அதிலும் கணக்கு உண்டு. 1500 சிசி வரையான கார்களுக்கு 1000 ரூபாயும், அதற்கு மேல் 2000 ரூபாயும் நம் கையிலிருந்து போகும். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்காக 20 முதல் 50 சதவீதம் வரை சேர்ந்த போனஸ் தள்ளுபடியும் கைவிட்டுப் போகும்.

கீறலே இல்லாத கார் வேண்டும் என்ற ஆசைதான் பல கார்களின் பெயின்ட்டைத் தின்கிறது. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு மெல்லிய கோடு இருந்துவிட்டுப் போகட்டும். இட்டேரியில் ஓடும் காருக்கு அது குறை இல்லை. கிளியர் கோட் இல்லாமல் போவதுதான் குறை.