கட்டுப் பிரித்த பிறகு யார் பொறுப்பு?

அம்மாவுக்கு முதலில் உடைந்தது இடது மணிக்கட்டு. அப்போது வயது 67. நெகிரி செம்பிலானில் செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தில் இளவயதிலிருந்து பால்மரம் வெட்டியவர், காண்டா வாளி சுமந்து தோள் காய்த்தவர். குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார், அவ்வளவுதான். மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள். "நல்லா கூடிருச்சு பாட்டி, போய்ட்டு வாங்க" என்றார்கள். எலும்பு நன்றாகத்தான் கூடியிருந்தது. ஆனால், நின்ற இடத்தில் வழுக்கியதற்கு எலும்பு ஏன் முறிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து இடுப்பெலும்பு உடைந்தது.

அந்தக் கேள்வியைத்தான் நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எலும்புப்புரை நோயை. இந்த நோய் வலிக்காது. உள்ளே எலும்பு பொத்தலாகிக்கொண்டே போகும், முறிவுதான் அது சொல்லும் முதல் செய்தி. ஒரு முறிவு வந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. கீழே விழாமலேயே முதுகெலும்பு நசுங்கவும் கூடும். நாமோ "வயசானா கூன் விழத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறோம்.

மருந்து இல்லாத நோயென்றால் விதி என்று இருந்துவிடலாம். மருந்து இருக்கிறதே! இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த 90 நாளுக்குள், ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. புதிய முறிவுகள் 35 விழுக்காடு குறைந்தன, இறப்பு 28 விழுக்காடு குறைந்தது. வாரம் ஒரு மாத்திரையாக அலெண்ட்ரோனேட்டும் நெடுங்காலமாக இருக்கிறது.

அப்படியானால் அம்மாவுக்கு ஏன் அது போய்ச் சேரவில்லை? எலும்பு மருத்துவர் எலும்பைச் சேர்த்தார். கிளினிக் மருத்துவர் இனிப்பு நீரையும் இரத்தக் கொதிப்பையும் பார்த்தார். இருவரும் தங்கள் வேலையைச் செய்தார்கள். இரண்டுக்கும் இடையே இருந்த இடம்தான் யாருக்கும் சொந்தமில்லை.

தோட்டத்தில் ஒரு காலத்தில் அந்த இடத்தில் டிரசர் என்ற தோட்ட மருத்துவ உதவியாளர் இருந்தார். அவரிடம் இருந்த மருந்து கொஞ்சம்தான், எல்லா வியாதிக்கும் ஒரே கலவைத் தண்ணீர் என்று சனங்கள் சிரிப்பார்கள். ஆனால் எந்த லயத்தில் யார் படுத்திருக்கிறார், யார் வேலைக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். இன்று தோட்டங்கள் கைமாறி, பண்டார் ஸ்ரீ செண்டாயான் எழுந்துவிட்டது. சுங்கை பீசியிலிருந்த விமானப்படைத் தளமும் 2018இல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. லயத்துக் கிழவிகள் தாமான் வீடுகளில் தனித்தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகளோ சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1999இல் இந்த இடைவெளியை அடைக்க ஆள் போட்டார்கள். முறிவோடு வரும் ஒவ்வொரு பெரியவரையும் பயிற்சி பெற்ற ஒரு தாதி தேடிப்பிடித்து, எலும்பு அடர்த்தியைச் சோதிக்கச் செய்து, சிகிச்சைக்கு வழி செய்தார். அனைத்துலக எலும்புப்புரை அமைப்பு 2012இல் அந்த முறையை உலகெங்கும் பரப்பத் தொடங்கியது. மலேசியாவிலும் சில பெரிய மருத்துவமனைகளில் இந்தச் சேவை உண்டு. சில இடங்களில் இருந்தால் போதாது. 2018இல் 5,880 என்று கணக்கிடப்பட்ட நம் நாட்டு இடுப்பு முறிவுகள் 2050இல் 20,893 ஆகும் என்று ஆசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது.

ஒரு தாதி, நம் வழக்கில் மிஸ்ஸி, இதில் என்ன செய்துவிட முடியும் என்பவர்களுக்கு அந்த வார மாத்திரையையே காட்டுவேன். வெறும் வயிற்றில், ஒரு குவளை பச்சைத் தண்ணீரில் விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது. விடியற்காலைக் கோப்பியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி இன்னும் கண்டிப்பானது. தள்ளிப்போட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். சிறுநீரகம் கெட்டவருக்கு எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளாது. இனிப்பு நீர் உள்ளவருக்கு அடர்த்திச் சோதனை நன்றாகக் காட்டினாலும் எலும்பு எளிதில் முறியும். கொதிப்பு மாத்திரையில் தலை சுற்றி விழுகிறவர்களும் உண்டு. இவ்வளவையும் எழுபது வயதுக் கிழவி, அதுவும் மலாயில் எழுதிய மருந்துப் பையைப் பார்த்து, தானே தெரிந்துகொள்வாரா?

புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. நம் பெரியவர்கள் இனிப்பு நீருக்கென்று கிளினிக்குக்குத் தவறாமல் போகிறார்கள், கையில் புத்தகம் வைத்திருக்கிறார்கள். முறிந்த எலும்பையும் அதே புத்தகத்தில் ஏற்றுங்கள். நெகிரி செம்பிலானில் எலும்பு முறிவு பார்க்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு மிஸ்ஸியைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். யாருக்கு முறிவு, எந்தக் கிளினிக், மருந்து தொடங்கியாயிற்றா, அடுத்த ஊசி என்றைக்கு என்று அவர் பதிவேடு வைத்துக்கொள்ளட்டும். ஊசி நாள் தவறினால் வீட்டுக்குப் போன் அடிக்கட்டும், தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் தமிழில் பேச ஆள் இருக்கட்டும். தொடை எலும்புக்குள் கம்பி வைத்து, பல நாள் படுக்க வைத்து, பிறகு மகள் வேலையை விட்டுப் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவைவிட இது நிச்சயம் குறைவு.

அதுவரை வீட்டார் சும்மா இருக்க வேண்டாம். கட்டுப் போட்டவரை அழைத்துவரும் நாளில் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எலும்பு அடர்த்திச் சோதனை எப்போது? எலும்புப்புரைக்கு மருந்து எது? அதைத் தொடர்ந்து பார்க்கப்போவது யார்? பதிலைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வாங்காமல் சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளாதீர்கள்.